கணவர் சவூதி கிளம்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். கணவருக்குச் சவூதியில் 2 வருட ஒப்பந்தம், இன்னும் 12 நாளில் விமானம். "அக்கா, 30 கிலோவுக்குள்ள என்னென்ன வைக்கலாம்?" என்று கேட்டாள். "மனை அவர் பேரில்தானே இருக்கு, பவர் எழுதியாச்சா?" என்றேன். "நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டோம்க்கா, போதும்ல?"

பவர் என்பது, நமக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். என் கணவர் சவூதி கிளம்பிய 2014இல் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் நகல், மாத்திரை, ஊறுகாய் எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோட்டரி பவரை நம்பிக் கிளம்புவது

அவர் போய் எட்டாவது மாதம் அத்தைக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அவர் பேரில் இருந்த 3 சென்ட் மனையை விற்க முடிவு செய்தோம். நல்ல விலைக்கு ஆளும் கிடைத்தார். பத்திரம் எழுதும் நாளன்று சார் பதிவாளர் அலுவலகத்தில் என் கையிலிருந்த நோட்டரி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். "இது பதிவு ஆகலையேம்மா, இதை வச்சு விற்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனை வாங்க வந்தவர் மஞ்சப்பையில் பணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து, இங்கே எழுதும் பவர் நிலம், வீடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அவர் ஊரில் இருக்கும்போதே இரண்டு பேரும் போயிருந்தால் அரை நாள் வேலை. ஆள் வெளிநாட்டில் இருக்கும்போது என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

பத்திர எழுத்தரிடம் வாசகம் எழுதி வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருக்கு வேலை ஜுபைலில், இந்தியத் தூதரகம் ரியாத்தில். லீவு கேட்டு, லீவு கிடைக்காமல், மறுபடி கேட்டு, பஸ் பிடித்துப் போனார். அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, சான்று வாங்கிக் கூரியரில் அனுப்பினார். அதில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தப்பாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து. அந்தத் தாள் இந்தியா வந்து சேர்ந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதற்கும் அலைந்தேன். எல்லாம் முடியும்போது வாங்க வந்தவர் வேறு மனை பார்த்துவிட்டார். என் நகைகளை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் நடந்தது. அந்த வட்டியை ஒன்றரை வருடம் கட்டினோம். இன்றைக்கும் யாராவது "நோட்டரி போதும்" என்றால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது.

எழுதும்போது சர்வே எண், பட்டா எண்ணைப் பழைய பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். மொத்தச் சொத்துக்கும் பொது பவர் கொடுக்காமல், இந்த மனைக்கு, இன்ன வேலைக்கு என்று எழுதுவது நல்லது. பவரை வைத்து விற்கப் போகும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. வீட்டை நடத்தப்போவது மனைவி. பவரை மட்டும் அண்ணன் பேரிலோ அப்பா பேரிலோ எழுதிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் பிள்ளையின் படிப்புச் செலவுக்குக்கூட அவள் இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஊர் சிம்மை அவரோடு அனுப்புவது

போன வருடம் எதிர் வீட்டில் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த தம்பி "கோடு சொல்லுங்கக்கா" என்கிறார். அந்த ஓ.டி.பி. கோடு போனதோ, கத்தாரின் தோஹாவில் அந்த வீட்டுக்காரர் அணைத்துவைத்த சிம்முக்கு. சிலிண்டர் வண்டி ஏறித் திரும்பிப் போனது. கேஸ், மின்வாரியம், பள்ளிக்கூடம் மூன்றிலும் கிளம்புமுன் மனைவியின் எண்ணைக் கொடுங்கள். வங்கியில் கொடுத்திருக்கும் போன் எண் கணவரிடமே இருக்கட்டும். ஆனால் ரோமிங்கை இங்கேயே போட்டு, ரீசார்ஜ் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண் முடங்கிப்போகலாம்.

பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே விடுவது

வேலைக்காக வெளிநாடு போனதும் அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும், சட்டம் அது. அங்கே வாங்கும் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. என்ற தனிக் கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அதில் மனைவி பெயரைச் சேர்த்தால் போதும், பணம் எடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். மனைவி பேரில் மாண்டேட்டோ (வங்கிக்குக் கொடுக்கும் அனுமதிக் கடிதம்) பவரோ கொடுத்தால்தான் எடுக்க முடியும். அந்தப் படிவத்தையும் இப்போதே கேளுங்கள்.

காப்பீட்டுச் சீட்டை அவர் பெட்டியில் வைப்பது

10ஆம் வகுப்பு தேறாமல் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டிய பாஸ்போர்ட்) போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். 2 வருடத்துக்கு ரூ.275, விபத்தில் இறந்தால் ரூ.10 லட்சம். பணம் கேட்கப்போவது வீட்டில் இருப்பவர். நகல் அவரிடம் இருக்க வேண்டாமா?

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பது

அமீரகத்தில் செய்தி போகும், அழைப்பு போகாது.

கடைசி வாரம் முழுக்க விருந்து

வேண்டாம்.

அந்தப் பெண் நேற்று போன் செய்தாள். பத்திர எழுத்தரைப் பார்த்தாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை பதிவுக்கு டோக்கன் போட்டிருக்கிறார்களாம். சர்வே எண்ணைச் சரிபார்த்தாயா என்று கேட்டேன். பழைய பத்திரத்தை எடுத்துவந்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டினாள்.