பூ மார்க்கெட் கணக்கை வைத்து ஒரு நாள் டைனமோடிபி வொர்க்ஷாப்

டைனமோடிபி என்பது அமேசானின் கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில், ஓடும் டேட்டாபேஸ். அதைச் சொல்லித்தர மதுரையில் ஒரு ஹாலைப் பிடித்து, இருபது பேரை உட்கார வைத்து, காலை பத்து மணிக்கு "எல்லோரும் அமேசான் அக்கவுண்ட் திறங்க" என்று சொன்னால் அந்த வொர்க்ஷாப் மதியம் வரை நகராது. ஒருவரிடம் கார்டு இருக்காது, இன்னொருவருக்கு ஓடிபி வராது, கல்லூரிப் பிள்ளைகள் வெளியே போய் அப்பாவுக்கு போன் போட்டு கார்டு நம்பர் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். "எதுக்குடா கார்டு, காசு எடுத்துருவாங்களா?" என்று அவர் கேட்பார், அது நியாயமான கேள்வியும்கூட. அதனால் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: நாளின் முக்கால் பங்கு கிளவுடைத் தொடாமலே நடக்க வேண்டும். கடைசி ஒன்றரை மணி நேரம்தான் நிஜ கிளவுட், அதுவும் உங்கள் அக்கவுண்டில்.

டைனமோடிபி லோக்கல் என்று அமேசானே ஒன்றை இலவசமாகத் தருகிறது. லேப்டாப்பிலேயே 8000 போர்ட்டில் ஓடும், நெட் வேண்டாம், பில்லும் வராது. டாக்கர் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) இமேஜாகவும் கிடைக்கும், ஜாவாவில் ஓடும் ஜார் ஃபைலாகவும் கிடைக்கும். என்னைக் கேட்டால் ஜார்தான். 4 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப்பில் டாக்கரை ஏற்றப் போனால், பயாஸுக்குள் நுழைந்து விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்வதிலேயே பாதிப் பேருக்குக் காலை முடிந்துவிடும். ஜார், ஜாவா 17, பைத்தான், பைத்தானிலிருந்து டைனமோடிபியிடம் பேச உதவும் போட்டோ3 (boto3) லைப்ரரியின் ஃபைல்கள், பயிற்சி டேட்டா எல்லாவற்றையும் நான்கைந்து பென் டிரைவில் போட்டு, ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். ஹால்காரர் "வைஃபை சூப்பரா இருக்கும் சார்" என்று சொல்வார், அது இருபது பேர் ஒரே நேரத்தில் டவுன்லோட் போடும்வரைதான்.

லோக்கலை ஓட்டும்போது ஷேர்ட்டிபி என்ற ஆப்ஷனைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அக்சஸ் கீக்கும் (யார் என்று காட்டக் கொடுக்கும் குறியீடு) ஒவ்வொரு ரீஜனுக்கும் (சர்வர்கள் இருக்கும் பகுதி) தனித்தனி டேட்டாபேஸ் உருவாகும். பைத்தானில் ஒரு பொய்க் கீ, கமாண்ட் லைனில் வேறொரு பொய்க் கீ என்று கொடுத்திருப்பார்கள், அங்கே உருவாக்கிய டேபிள் இங்கே தெரியாது, "சார் டேபிளைக் காணோம்" என்று கை தூக்குவார்கள். பொய்க் கீயில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், புது வெர்ஷன்கள் ஹைஃபனையும் அண்டர்ஸ்கோரையும் ஏற்காது. அப்புறம், டேட்டாவை ரேமில் மட்டும் வைக்கும் இன்மெமரி ஆப்ஷனோடு ஓட்டினால் விண்டோவை மூடியதும் டேட்டா போய்விடும். சாப்பாட்டுக்குப் போகும்போது லேப்டாப்பை ஷட் டவுன் செய்கிறவர்கள் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள்.

நாள் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்லது. சித்திரைத் திருவிழா சமயத்தில் வேண்டாம், ஊருக்குள் வண்டி நுழையாது. திண்டுக்கல், தேனி பக்கம் இருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள், விருதுநகர், திருநெல்வேலி பக்கத்து ஆட்கள் மாட்டுத்தாவணியில். இரண்டுக்கும் டவுன் பஸ் இருக்கிற இடமாக ஹாலைப் பாருங்கள். மாதாந்திர பராமரிப்பு மின்தடை அன்றைக்கு அந்த ஏரியாவில் இல்லையே என்று முந்தின நாள் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலையில் வரலாறு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 2007இல் அமேசான் டைனமோ என்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது, 2012இல் டைனமோடிபி சேவையாக வந்தது, அவ்வளவு போதும். அந்தக் கட்டுரையில் உள்ள வெக்டர் கிளாக் படத்தை எல்லாம் ஸ்லைடில் போட்டு ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் உண்டு. பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிர உள்ளே இரண்டும் வேறு வேறு அமைப்பு. டைனமோடிபியில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும், அதாவது டேட்டாவைப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும், ஒரு லீடர் உண்டு, எழுதுவதெல்லாம் அதன் வழியாகத்தான் போகும்.

அடுத்து லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். வொர்க்ஷாப்பின் உயிரே இந்த ஒரு மணி நேரம்தான். எஸ்கியூஎல் (வழக்கமான டேட்டாபேஸ்களின் மொழி) படித்து வந்தவர்கள் முதலில் டேபிள் போட்டு, பிறகு கேள்வி கேட்டுப் பழகியவர்கள். இங்கே அது தலைகீழ், கேள்வி தெரியாமல் கீ (பதிவைத் தேடி எடுக்கும் அடையாளம்) வைக்க முடியாது. ஆன்லைன் கடை, ஷாப்பிங் கார்ட் என்ற எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி பூ கொண்டுவருகிறார், கடையில் எடை போட்டு விற்றுக் கொடுக்கிறார்கள், கமிஷன் போக மீதியை அவர் கணக்கில் எழுதுகிறார்கள். மதுரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வந்திருப்பவர்களில் ஒருவருக்காவது மாமாவோ சித்தப்பாவோ அங்கே இருப்பார், அவர் உங்களையே திருத்துவார்.

போர்டில் கேள்விகளை மட்டும் எழுத வையுங்கள். இன்று காலை மல்லி கிலோ என்ன விலைக்குப் போனது? போன வாரம் முழுக்க பிச்சி விலை எப்படி ஏறி இறங்கியது? வலையங்குளத்து விவசாயி ஒருவர் இந்த மாதம் என்னென்ன பூ போட்டார், அவருக்கு எவ்வளவு பாக்கி? முகூர்த்த நாளில் எந்தப் பூ அதிக விலைக்குப் போனது? நான்கு போதும்.

முதல் இரண்டு கேள்விக்கு பூவின் பெயர் பார்ட்டிஷன் கீ (எந்தத் துண்டு என்று சொல்வது), தேதியும் நேரமும் சார்ட் கீ (அதற்குள் வரிசைப்படுத்துவது) என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சரி என்று விட்டுவிடுங்கள், லேப்டாப்பைத் திறந்து அதையே செய்யட்டும். அதில் இருக்கும் ஓட்டைகளை அவர்களே கண்டுபிடிக்கும்படி டேட்டாவைத் தயார் செய்து வைத்திருப்பதுதான் உங்கள் வேலை.

முதல் ஓட்டை, தேதி. நாம் பழக்கத்தில் 14-01-2025 என்று எழுதுவோம். சார்ட் கீ வெறும் எழுத்துச் சரமாக, பைட் வரிசையில் அடுக்கப்படுவதால் 02-02-2025 அதற்கு முன்னால் போய் உட்காரும், வாரக் கணக்கு கேட்டால் கன்னாபின்னாவென்று பதில் வரும். 2025-01-14 என்று ஆண்டை முன்னால் போட்டால் சரியாகிவிடும். விலையை எழுத்துச் சரமாக வைத்தாலும் இதே கதைதான், 900 ரூபாய் 1200 ரூபாயைவிடப் பெரியதாகிவிடும். விலைக்கு நம்பர் டைப் வேண்டும்.

இரண்டாவது ஓட்டை சத்தமே போடாது. ஒரே நிமிடத்தில் மல்லிக்கு இரண்டு பில் விழுந்தால் இரண்டின் கீயும் ஒன்றாகிவிடும், பதிவை எழுதும் புட் ஐட்டம் கட்டளை எந்த எர்ரரும் காட்டாமல் பழைய பில்லை அழித்து அதன் இடத்தில் புதியதை வைத்துவிடும். 10,000 பில் ஏற்றினோம், எண்ணிப் பார்த்தால் 9,000 சொச்சம்தான் இருக்கிறது என்று காட்டுங்கள், ஹாலே நிமிர்ந்து உட்காரும். ஒன்றைக் கவனியுங்கள்: பல பதிவுகளைச் சேர்த்து எழுதும் பேட்ச் ரைட்டில் ஒரே அழைப்புக்குள் ஒரே கீ இரண்டு தடவை வந்தால் அது எர்ரர் அடித்துவிடும், ஆகவே இந்தப் பயிற்சிக்கு ஒவ்வொன்றாக புட் செய்ய வையுங்கள். தீர்வு, சார்ட் கீயின் கடைசியில் பில் நம்பரைச் சேர்ப்பது. கூடவே, இந்தக் கீ ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் எழுது என்ற நிபந்தனையையும் போடக் கற்றுக்கொடுங்கள்.

டேட்டாவை ஆளாளுக்கு ரேண்டமாக உருவாக்க விடாதீர்கள். ஒரே ஃபைல் எல்லோரிடமும் இருந்தால்தான் "எனக்கு 9,214 வருது, உனக்கு?" என்று பக்கத்தில் கேட்டுச் சரிபார்க்க முடியும். அந்த ஃபைலில் மல்லி அதிகமாகவும் மரிக்கொழுந்து கொஞ்சமாகவும் இருக்கட்டும், மார்கழி, தையில் பனியால் வரத்து குறைந்து மல்லி விலை ஆயிரங்களைத் தாண்டுவது போலவும் வையுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் டேட்டாவையே நம்ப மாட்டார்கள்.

கீயின் மதிப்பைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, எல்லாம் யுடிஎஃப்-8தான். ஆனால் அளவு பைட்டில் கணக்கிடப்படும். "மல்லி" என்பது கம்ப்யூட்டருக்கு ஐந்து குறி, குறிக்கு மூன்று பைட் வீதம் 15 பைட். ஒரு ஐட்டத்துக்கு, அதாவது ஒரு பதிவுக்கு, உச்ச வரம்பு 400 கேபி, அதில் அட்ரிபியூட் (பதிவுக்குள் இருக்கும் விவரம்) பெயர்களின் நீளமும் சேரும். பெயர்களை மட்டும் ஆங்கிலத்திலேயே சுருக்கமாக வைப்பது நல்லது, தமிழ்ப் பெயரை எக்ஸ்பிரஷனுக்குள் (நிபந்தனை எழுதும் வரி) நேராக எழுத முடியாது, ஹேஷ் குறி போட்ட மாற்றுப்பெயர் வேண்டும். ஆங்கிலத்திலும் டேட், நேம், ஸ்டேட்டஸ், இயர் எல்லாம் டைனமோடிபி தனக்கென ஒதுக்கிக்கொண்ட ரிசர்வ்ட் சொற்கள், அவற்றுக்கும் அதே வைத்தியம்தான். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்றைக்கு நீங்கள் தீர்த்து வைக்கும் எர்ரர்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு இந்த டேபிளில் வழியில்லை. விவசாயியின் எண்ணைப் பார்ட்டிஷன் கீயாக வைத்து ஒரு ஜிஎஸ்ஐ, அதாவது அதே டேட்டாவை வேறு கீயில் தேட உதவும் இன்டெக்ஸ், போடவேண்டும். நான்காவதுக்கு தேதி பார்ட்டிஷன் கீ, விலை சார்ட் கீ என்று இன்னொன்று, இறங்கு வரிசையில் ஒன்றே ஒன்று கேட்டால் பதில் வந்துவிடும். எல்எஸ்ஐ (அதே பார்ட்டிஷன் கீயோடு சார்ட் கீ மட்டும் மாறும் இன்டெக்ஸ்) பற்றி ஒரு வரி போதும்: டேபிள் உருவாக்கும்போதே போட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. பாக்கித் தொகை கேட்டதற்கு "சம் எங்க சார்?" என்பார்கள். டைனமோடிபியில் கூட்டித் தரும் அந்த வசதி கிடையாது. பில் எழுதும்போதே விவசாயியின் பாக்கியையும் ஒரே டிரான்சாக்ஷனில் (இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது) கூட்டிக்கொண்டே போவதுதான் முறை. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், வேலைக்குப் போகிற இடத்தில் இதுதான் கைகொடுக்கும்.

ஒரே துண்டில் வேலை குவியும் ஹாட் பார்ட்டிஷன் பற்றிப் பேச ஆசையாக இருக்கும். ஒரு பார்ட்டிஷன் வினாடிக்கு 1,000 ரைட் யூனிட் (எழுதுவதை அளக்கும் அலகு, படிப்பதற்கு ரீட் யூனிட்) வரை தாங்கும். மாட்டுத்தாவணியில் தை முகூர்த்தத்தன்றுகூட மல்லிக்கு வினாடிக்கு ஆயிரம் பில் விழாது. எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் கிளவுட். மும்பை ரீஜனில் 10,000 பில்லும் உள்ள பொது டேபிள் ஒன்றை ஆன் டிமாண்ட் முறையில் (பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டணம்) முந்தின நாளே ஏற்றி வையுங்கள், பத்தாயிரம் தடவை எழுத டீக்காசுகூட ஆகாது. ஆளுக்கு ஒரு ஐஏஎம் யூசர் (உங்கள் அக்கவுண்டுக்குள் தனி லாகின்), பொது டேபிளில் படிக்க மட்டும் அனுமதி, தன் பெயரில் தொடங்கும் டேபிளில் மட்டும் எழுத அனுமதி. அக்சஸ் கீ எதையும் கொடுக்காதீர்கள். பிரவுசரிலேயே கிளவுட்ஷெல் திறந்தால் பைத்தானும் கமாண்ட் லைனும் தயாராக இருக்கும், அதற்கான அனுமதியை மட்டும் சேர்த்தால் போதும். இலவச வரம்பான 25 ரீட் யூனிட், 25 ரைட் யூனிட் என்பது யூனிட்டை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் ப்ரொவிஷன் முறைக்கு, அதுவும் அக்கவுண்டுக்கு மொத்தமாக. இருபது பேர் ஆளுக்கு 5 போட்டால் 100 ஆகிவிடும், ஆகவே ஆளுக்கு 1 என்று சொல்லிவிடுங்கள்.

லோக்கலில் காட்ட முடியாத இரண்டை மட்டும் இங்கே காட்டினால் போதும். ஒன்று செலவு. ஒரு பில் சுமார் 200 பைட் என்றால் மொத்த டேபிளும் 2 எம்பிக்குப் பக்கம். மல்லியின் ஒரு நாள் விலைக்காக, டேபிள் முழுவதையும் படிக்கும் ஸ்கேன் போட்டு ஃபில்டர் வைத்தால், ஃபில்டர் படித்து முடித்த பிறகுதான் வேலை செய்யும் என்பதால், முழு டேபிளுக்கும் சேர்த்து 250 ரீட் யூனிட்டுக்குப் பக்கம் போகும், 1 எம்பி தாண்டியதும் நின்று அடுத்த பக்கத்தைத் தனியாகக் கேட்கவும் வேண்டும். அதையே கீயை வைத்துத் தேடும் குவெரியில் கேட்டால், அன்றைக்கு முப்பது பில் இருந்தாலும் 1 யூனிட். செலவழிந்த யூனிட்டைத் திருப்பிக் காட்டும் ஆப்ஷனை ஆன் செய்து, இரண்டையும் அவர்களையே ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று த்ராட்டில், அதாவது யூனிட் வரம்பைத் தாண்டினால் மறுப்பது. லோக்கல் யூனிட் வரம்பைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, நிஜத்தில் 1 ரைட் யூனிட் டேபிளில் லூப் போட்டு எழுதினால் சேர்ந்திருக்கும் பர்ஸ்ட் (பயன்படுத்தாமல் மிஞ்சிய யூனிட்) தீரும்வரை ஓடும், அப்புறம் திணறும். போட்டோ3 தானாகவே திரும்பத் திரும்ப முயல்வதால் எர்ரர் வராது, மெதுவாகும், அவ்வளவுதான். ரீட்ரையை அணைத்துவிட்டு ஓட்டினால் எர்ரர் நேராகத் தெரியும்.

பட்ஜெட் அலர்ட் வையுங்கள், ஆனால் அது மெயில் அனுப்புமே தவிர எதையும் நிறுத்தாது, பில்லிங் கணக்கும் சில மணி நேரம் பிந்தித்தான் வரும். எல்லோரும் டவுன் பஸ் ஏறிய பிறகு ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து டேபிள்கள், பேக்கப்கள், ஐஏஎம் யூசர்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். மும்பை மட்டுமல்ல, ஹைதராபாத், வர்ஜீனியா ரீஜன்களையும் எட்டிப் பாருங்கள், ரீஜன் மாற்றித் திறந்தவர் யாராவது அங்கே ஒரு டேபிளை விட்டுவிட்டுப் போயிருப்பார்.