வைகையோடு இறங்கி ஒரு கடலோர மாவட்டத்தைப் படிக்கும் முறை

மதுரை அலுவலகங்களில் ஒருவரை மிரட்டுவதற்கு, ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் காடு எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கிழக்கிலும் தெற்கிலும் கடல் சூழ்ந்த இராமநாதபுரம் மாவட்டமே அது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கும் ஒரு நிலம் தண்ணீரில்லாத காடு என்று பெயரெடுத்தது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடினாலே அம்மாவட்டத்தின் புவியியல், வரலாறு, பொருளாதாரம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபடும். மாவட்ட அறிமுகக் கட்டுரை எழுத விரும்பும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை, இராமேசுவரத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதே. மதுரையில் வைகைப் பாலத்தின் மீது நின்று, ஆறு போகும் திசையைப் பார்த்துத் தொடங்குங்கள்.

புறப்படுமுன் எல்லையை உறுதி செய்துகொள்ள வேண்டும். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1910இல் உருவாக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டம், 1985இல் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றாயிற்று. எனவே 1971ஆம் ஆண்டுக் கணக்கில் ‘இராமநாதபுரம்’ என்று கண்டால் அதில் சிவகாசியின் தீப்பெட்டியும் காரைக்குடியின் செட்டிநாட்டு வீடும் சேர்ந்தே இருக்கும். பழைய புள்ளிவிவரத்தை 2011 கணக்கெடுப்பின் 13,53,445 என்ற மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, மாவட்டமே தேய்ந்துவிட்டது என்று எழுதிய கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன். எந்த எண்ணை எடுத்தாலும், அது 1985க்கு முந்தியதா பிந்தியதா என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, எந்த மாதத்தில் செல்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நான் முதன்முறை சித்திரையில் சென்றேன். கண்மாய்கள் என்னும் பாசன ஏரிகள் வெடித்துக் கிடந்தன, விசைப்படகுகள் கட்டிக்கிடந்தன. இந்த மாவட்டத்தில் தொழிலே இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதும், மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மழைக்குப் பின் மார்கழியில் ஒருமுறையும், மிளகாய்ப் பழம் களத்தில் காயும் மாசி, பங்குனியில் ஒருமுறையும் செல்வதே சரியான முறை.

பயணத்தில் ஆற்றை விடாமல் பின்தொடருங்கள். வருசநாட்டு மலையில் பிறந்து ஏறத்தாழ 258 கி.மீ. ஓடும் வைகை, மதுரையைக் கடந்து கீழடி, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரத்தின் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தொடும். ஆலகால நஞ்சைத் தந்த கடலோடு சேர மாட்டேன் என்று வைகை விலகி நிற்பதாகப் பழம்புலவர் கற்பனை செய்தனர். உண்மையில் வழியிலுள்ள கண்மாய்கள் அதைக் குடித்துவிடுகின்றன. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் திருப்பப்பட்டதும் 1959இல் வைகை அணை கட்டப்பட்டதும் மேல்மடைக்குச் செய்த நன்மையைப் பற்றி மதுரையில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதே கேள்வியைக் கடைமடையில் கேட்டால் வேறு விடை கிடைக்கும். இரண்டையும் அருகருகே எழுதுங்கள்.

கண்மாயைப் படிப்பதற்கு அதற்குரிய சொற்கள் தேவை: வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் வரும் கால்வாய்), மடை (பாசனநீர் வெளியேறும் வழி), கலுங்கு (மிகைநீர் வழியும் அமைப்பு), மறுகால் (நிரம்பி வழிந்து செல்லும் நீர்), ஊருணி (குடிநீர்க் குளம்). ‘இங்கே மழை எவ்வளவு’ என்று விவசாயியிடம் கேட்பதைவிட, ‘கடைசியாக இந்தக் கண்மாய் மறுகால் போனது எந்த வருடம்’ என்று கேளுங்கள்; மழையும், வரத்துக்கால் அடைபட்ட கதையும், பங்கீட்டுச் சண்டையும் ஒரே விடையில் வந்துவிடும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று புகழ்பெற்ற ஆர்.எஸ். மங்கலம் கண்மாயின் கரையில் சிறிது தூரம் நடந்து பார்த்தால், ஆறு கைவிட்ட நிலத்தில் மனிதர் செய்த ஏற்பாட்டின் அளவு தெரியும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்கள் இன்று பறவைகளுக்காக, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. பாசனத்துக்கு வெட்டியதில் பறவைகள் குடியேறின என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இந்த நீர்க்கணக்கு புரிந்தபின் பயிர்க்கணக்கு எளிது. மழையை எதிர்பார்த்துப் புழுதியில் நெல் விதைப்பதும், ஈரம் தாங்கும் கரிசலில் முண்டு மிளகாய் இடுவதும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள். உருண்டையாகவும் தடித்த தோலோடும் இருக்கும் இந்த மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மழை தவறிய நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டியது. அதைப் பழிக்காதவர் இல்லை. ஆனால் முதுகுளத்தூர்ப் பக்கம் அந்த விறகைக் கரியாக்கும் மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களைக் கேட்காமல் அந்த மரத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். சாயல்குடிப் பக்கம் பனையும் கருப்பட்டியும், பரமக்குடியில் மதுரைக்கு உறவான சௌராஷ்டிர நெசவாளர்களின் தறியும் இந்தக் கணக்கிலேயே அடங்கும்.

வரலாற்றை அரச வரிசையாகப் படிக்க வேண்டாம். துறைமுகம் எது, அதன் பின்னிலம் எது என்று கேட்டுப் படியுங்கள். வைகையின் முகத்துவாரத்திலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் உரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. அதே ஆற்றின் மேற்பகுதியில் கீழடி இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், பாண்டியர் தலைநகருக்கும் கடலுக்கும் இடையே ஆறு வண்டிப்பாதையாக இருந்தது விளங்கும். பின்னர் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த பெரியபட்டினமும், முத்து, சங்கு வாணிகத்தில் செழித்த கீழக்கரையும் தலையெடுத்தன. கீழக்கரையின் வள்ளல் சீதக்காதியையும், இராமநாதபுரம் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களுள் ஒருவரான கிழவன் சேதுபதியையும் ஒன்றாகப் படிக்க வேண்டும். 1671 முதல் 1710 வரை ஆண்ட அந்தச் சேதுபதியே போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்குத் தலைநகரை மாற்றியவர். திருமலை நாயக்கருக்காக மைசூர்ப் படையை எதிர்த்த மூக்கறுப்புப் போரிலும், அவருக்கு முன் ஆண்ட சேதுபதியின் படையே முன்நின்றது. அதன்பின் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி, 1803இன் நிரந்தர நிலவரி ஏற்பாடு, ஜமீன் ஒழிப்பு என்று விரையலாம்.

இப்போதுதான் கடல். ஒரு கடல் அல்ல, இரண்டு. பாக் நீரிணை வடகடல். மன்னார் வளைகுடா தென்கடல். முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். ஆகவே மீனவரிடம் ‘எவ்வளவு மீன் கிடைக்கிறது’ என்று கேட்பதற்கு முன், ‘இப்போது எந்தக் காற்று’ என்று கேட்பது மரியாதையும் பயனும் உடையது. விசைப்படகுக்காரரையும் நாட்டுப்படகுக்காரரையும் தனித்தனியே கேளுங்கள். அவர்கள் குறைகள் ஒன்றல்ல. 1974இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனதையும் 1976இன் கடல் எல்லை உடன்பாட்டையும் தேதியோடு தெரிந்துகொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

பெண்களின் தொழிலைத் தவறவிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. தீவுகளைச் சுற்றி மூழ்கி, பாறையில் வெட்டுப்படாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடல்பாசி எடுக்கும் பெண்கள் பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் இருக்கின்றனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவானபோது அவர்களது தொழில் சட்டத்தோடு மோதியது. பவளப்பாறையையும் கடற்பசுவையும் காப்பது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டுரையில் இந்தப் பெண்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்காவிட்டால் அது முழுமையாகாது. மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது அண்மைக்கால மாற்றம்.

பாம்பனில் பாலங்களைப் படம் எடுப்பதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதை மாற்றியது என்று பாருங்கள். 1914இன் இரயில் பாலம், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் வழியின் கண்ணி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த வாணிகமும் அழிந்தது. 1988இல் சாலைப் பாலம் வந்தபின்தான் பேருந்தும் லாரியும் தீவுக்குள் நுழைந்து, காசி யாத்திரிகரோடு சுற்றுலாப் பயணியும் மீன் ஏற்றும் வண்டியும் பெருகின. 2025இல் செங்குத்தாக உயரும் புதிய இரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் விளைவை எழுத இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாம்.

திரும்பும்போது வழியை மாற்றி, வாலிநோக்கம் உப்பளத்தையும் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். மழையில்லாத வெயில் இரண்டுக்கும் மூலப்பொருள். மதுரைக்கு வந்ததும் கீழமாசி வீதிக் கடைகளில் ஏறி, முண்டு வற்றல் மூட்டை எந்த ஊர்ச் சரக்கு, எந்த மாதம் எந்த விலைக்கு வாங்கியது என்று கேட்டு, களத்தில் விவசாயி சொன்ன விலைக்கு எதிரே அதை எழுதிக்கொள்ளுங்கள்.