ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா? அதைக் கேட்டு வாங்கவும் பழகுங்க

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில பேக்கிங் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். எங்க பிள்ளைங்க காய்ச்சலோட மெஷின்கிட்ட நிக்கிறதைப் பார்த்தா மனசு தாங்காது. லீவு போட்டா சம்பளம் போயிடும்னு பயம்.

ஈ.எஸ்.ஐ.ங்கிறது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீட்டுத் திட்டம். அதுக்குப் பிடிக்கிறாங்களான்னு முதல்ல சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க. மாசம் 16,000 ரூபாய்னா உங்ககிட்ட 120 பிடிப்பாங்க. கம்பெனி தன் பங்கா 520 கட்டணும். இது உங்க பணம், சலுகை இல்ல.

உடம்பு முடியலைன்னா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படுத்துடாதீங்க. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கோ கோரிமேடு ஆஸ்பத்திரிக்கோ போய், டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் கேட்டு வாங்குங்க. அந்தச் சீட்டு இருந்தாத்தான் சம்பளத்துல 70 சதவீதம் பேங்க்ல ஏறும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். அதுக்குரிய ஆறு மாசக் கணக்குல 78 நாளுக்காவது ஈ.எஸ்.ஐ. பணம் கட்டியிருக்கணும். சம்பளமில்லா லீவு அடிக்கடி போடுறவங்க இதைக் கவனிங்க.

ஈ.எஸ்.ஐ.ல முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் லீவு, முழுச் சம்பளம். இது தெரியாம வேலையை விட்டுட்டுப் போற பொண்ணுங்களை நினைச்சா எனக்கு ஆத்தாமையா இருக்கு. கர்ப்பம்னு தெரிஞ்சதும் எச்.ஆர்.கிட்ட சொல்லுங்கம்மா, ராஜினாமா எழுதாதீங்க.

ஈ.எஸ்.ஐ. கார்டுல அப்பா அம்மா பேரைச் சேர்த்தாச்சா? உங்க சம்பாத்தியத்தை நம்பியிருக்கிற பெத்தவங்களுக்கும் வைத்தியம் உண்டு. ஆதார் நகலோட இந்த வாரமே ஆபீஸ்ல கொடுத்துடுங்க.