பன்னா கோட்டா: உணவகத்தில் கேட்டு வாங்குவதும் வீட்டில் உறைய வைப்பதும்

இத்தாலிய உணவகம் எதற்குப் போனாலும் இனிப்புப் பட்டியலில் டிராமிசுவுக்குப் பக்கத்தில் பன்னா கோட்டா இருக்கும். வட இத்தாலியின் பியெமோந்தே பகுதிப் பண்டம். கிரீம், பால், சர்க்கரை, உறைய வைக்க ஜெலட்டின், கொஞ்சம் வெனிலா; அவ்வளவுதான் பொருள். ஓவன் தேவையில்லை, பீட்டர் தேவையில்லை, முட்டையும் கிடையாது. அடுப்பில் பத்து நிமிட வேலை, மிச்சத்தை ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். இனிப்பு செய்தே பழக்கமில்லாதவர்களும் தைரியமாக இதில் தொடங்கலாம். கவனம் முழுக்க வேண்டியது ஒரே இடத்தில்தான்: ஜெலட்டினின் எடை. ஓரிரு கிராம் கூடினால் ரப்பர், குறைந்தால் பாயசம்.

முதலில் உணவகத்தில் ஒரு தட்டு

நல்ல பன்னா கோட்டா எப்படி இருக்க வேண்டும் என்பது நாக்குக்குத் தெரிந்திருந்தால் வீட்டில் செய்வது பாதி சுலபம். இத்தாலியின் சாதாரணக் குடும்ப உணவகமான திரத்தோரியாவில் பட்டியல் ஒரு வரிசையில் இருக்கும்: தொடக்கத்துக்கு அந்திபாஸ்தி, அடுத்து பாஸ்தா, ரிசொட்டோ அடங்கிய ப்ரிமி, பிறகு மீனும் இறைச்சியுமாக செகொந்தி, கடைசியில் தோல்ச்சி, அதாவது இனிப்புகள். வரிசைக்கு ஒன்று வாங்கியாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு பாஸ்தாவும் ஒரு இனிப்பும் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று ‘கொபெர்த்தோ’ சேர்ந்திருந்தால் திகைக்க வேண்டாம். அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம், டிப்ஸ் அல்ல. காபி இனிப்போடு வராது, இனிப்பு முடிந்த பிறகு வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். முட்டை இல்லை என்பதால் இது சைவம் ஆகிவிடாது. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. இத்தாலியில் ஜெலட்டின் தாளை ‘கொல்லா தி பெஷே’, மீன் பசை, என்றே சொல்வார்கள். பெயரில்தான் மீன், இன்று விற்பதில் பெரும்பாலானது பன்றித் தோலிலிருந்து வருவது. ஆகவே “ஜெலட்டினா, அகர் அகரா?” என்று நேராகக் கேளுங்கள். அகர் அகர் கடல்பாசியிலிருந்து வருவது, நம்மூரில் சைனா கிராஸ் என்று விற்பது அதுதான். இதற்குப் பதில் டிராமிசு சொல்லலாம் என்றால் அதில் வழக்கமாகப் பச்சை முட்டையும், பல இடங்களில் மதுவும் சேரும்.

தட்டு வந்ததும் விளிம்பை லேசாகத் தட்டிப் பாருங்கள். நடுப்பகுதி நடுங்க வேண்டும். அசையாமல் நின்றால் ஜெலட்டின் அதிகம். கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும், வாயில் வைத்ததும் மெல்லத் தேவையில்லாமல் கரைய வேண்டும். ஜெலட்டின் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த வழுக்கலுக்குக் காரணம் இந்தச் சிறிய வித்தியாசம்தான்.

பொருட்கள் (100 மி.லி. கிண்ணம் ஐந்துக்கு)

- 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 300 மி.லி., பால் 200 மி.லி.
- சர்க்கரை 60 கிராம் (சுமார் 5 மேசைக்கரண்டி)
- ஜெலட்டின் தூள் 5 கிராம், ஊற வைக்கக் குளிர்ந்த தண்ணீர் 30 மி.லி.
- வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை

நம்மூர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு. அதை எடுத்தால் கிரீம் 400, பால் 100 என்று மாற்றிக்கொள்ளுங்கள், மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய சமமாகிவிடும். கேக் சாமான் கடையில் உறைந்த நிலையில் விற்கும், தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் டாப்பிங் இதற்கு ஆகாது. அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், பால் ருசி இருக்காது, சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும்.

ஜெலட்டினுக்கு மட்டுமாவது சமையலறைத் தராசு பயன்படுத்துங்கள். தராசு இல்லாதவர்கள் கரண்டியில் கோபுரமாக அள்ளாமல், தலைதட்டி ஒன்றரை தேக்கரண்டி எடுக்கலாம். கிண்ணத்திலேயே வைத்துப் பரிமாறுவதாக இருந்தால் 4 கிராமே போதும், இன்னும் மென்மையாக வரும். தட்டில் கவிழ்க்க 5 கிராம் வேண்டும்.

செய்முறை

1. சின்னக் கிண்ணத்தில் 30 மி.லி. குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, அதன்மேல் ஜெலட்டின் தூளைப் பரவலாகத் தூவுங்கள். தூளைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் ஊறி, உள்ளே உலர்ந்த கட்டி தங்கிவிடும். 10 நிமிடத்தில் நனைந்த ரவைபோல உப்பி நிற்கும்.

2. கனமான பாத்திரத்தில் கிரீம், பால், சர்க்கரை, உப்பு சேர்த்து மிதமான தீயில் வைத்துக் கிளறுங்கள். சர்க்கரை கரைந்து, ஓரத்தில் குட்டிக் குமிழ்கள் வந்து, ஆவி எழத் தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 70 முதல் 75 டிகிரி. பொங்க விடக்கூடாது.

3. இறக்கிய பிறகு ஊறிய ஜெலட்டினைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். கொதிக்கும் கலவையில் போட்டு மேலும் கொதிக்கவிட்டால் உறைய வைக்கும் சக்தி குறையும். கரண்டியின் பின்புறத்தைப் பாருங்கள்: கண்ணாடித் துகள்போல எதுவும் ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை. வெனிலாவைக் கடைசியில் சேர்த்து வடிகட்டுங்கள்.

4. புதிதாகச் செய்கிறவர்கள் தவிர்த்துவிடுகிற வேலை இது: ஆற வைப்பது. ஐஸ் தண்ணீர் நிரம்பிய அகலமான பாத்திரத்துக்குள் இந்தப் பாத்திரத்தை வைத்து, கலவை கொஞ்சம் கெட்டியாகும் வரை அவ்வப்போது கிளறுங்கள். சூடாகவே கிண்ணங்களில் ஊற்றினால் கொழுப்பு மேலே ஏறி மஞ்சளாக ஓர் அடுக்கும், கீழே வெளிறிய பால் அடுக்குமாகப் பிரிந்து உறையும். வெனிலா விதை போட்டிருந்தால் அத்தனையும் அடியில் படிந்துவிடும்.

5. கிண்ணங்களில் ஊற்றி மூடி, ஃபிரிட்ஜில் குறைந்தது 6 மணி நேரம் வையுங்கள். இரவு செய்து மறுநாள் எடுத்தால் இன்னும் நல்லது. ஃப்ரீசரில் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். பனித்துகள் உருவாகி, உருகும்போது தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

6. கவிழ்ப்பதற்கு: கிண்ணத்தின் அடிப்பகுதியைச் சூடான தண்ணீரில் 5 முதல் 8 வினாடி அமிழ்த்துங்கள். விரல் நுனியால் ஓரத்தைச் சற்று உள்ளே இழுத்தால் காற்று புகுந்து பிடி விடும். தட்டில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கவிழுங்கள். ஓரமாக விழுந்தாலும் மெதுவாக நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். சித்திரை, வைகாசி வெயிலில் கவிழ்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 33, 34 டிகிரி அறையில் மேசைக்கு வந்த சில நிமிடங்களிலேயே சரியத் தொடங்கும்.

ஜெலட்டின் வேண்டாம் என்றால்

நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சும் வீடுகளில் இந்த வேலை தெரிந்ததுதான். சைனா கிராஸ் இழை 3 கிராமை அரை மணி நேரம் ஊறவிட்டு, 150 மி.லி. தண்ணீரில் ஓர் இழைகூடத் தெரியாதவரை கொதிக்க வையுங்கள். அது 100 மி.லி. அளவுக்குச் சுண்டும். பாலில் நேராகப் போட்டால் எளிதில் கரையாது. இந்தத் தண்ணீருக்கு ஈடாகப் பாலில் 100 மி.லி. குறைத்துக்கொள்ளுங்கள். தூளாகக் கிடைத்தால் தலைதட்டிய அரை தேக்கரண்டி போதும், அதையும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

முக்கியமாக, கிரீமைத் தனியாகச் சூடாக்கிய பிறகே இதோடு கலக்க வேண்டும். அகர் 40 டிகிரியை நெருங்கும்போதே உறைந்துவிடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமை ஊற்றினால் நூல் நூலாகத் திரளும். அப்படித் திரண்டால் கொட்டிவிடாதீர்கள், மறுபடி சூடாக்கினால் கரையும். அகர் வாயில் உருகாது, உடையும். அதனால் ஜெலட்டினின் வழுக்கல் இதில் வராது. அளவைக் குறைத்து வைத்தால் அந்தக் குறை வெகுவாக மறையும்.

எங்கே தவறும்

இரவு முழுக்க வைத்தும் உறையவில்லை என்றால் ஜெலட்டின் குறைவு, அல்லது கொதித்துவிட்டது, அல்லது பழம் காரணம். வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி இவற்றிலும் இஞ்சியிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. ஜெலட்டின் புரதம் என்பதால் உறையவே விடாது. உறைந்த பன்னா கோட்டாவின் மேல் வேகவைக்காத அன்னாசித் துண்டை வைத்தால்கூட அந்த இடம் இளகும். பழத்தை வேகவைத்துச் சேர்த்தால் பயமில்லை. அகருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

உறையாததைக் காப்பாற்ற வழி உண்டு. 1 கிராம் ஜெலட்டினை ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் ஊறவைத்து, கலவையைக் கொதிக்கவிடாமல் சூடாக்கிச் சேர்த்து, மறுபடி ஆறவைத்து ஊற்றுங்கள். ரப்பர்போல ஆகிவிட்டதையும் இதேபோல உருக்கி, 100 மி.லி. பால் சேர்த்து இளக்கலாம்.

மேலே ஊற்ற

ஸ்ட்ராபெரி 200 கிராம், சர்க்கரை 40 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. மிதமான தீயில் 6 நிமிடம் கொதித்ததும் பாதியை மசித்துவிடுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகே ஊற்ற வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தாலும் மேற்பரப்பு உருகிக் குழம்பும். மாம்பழக் காலத்தில் பழச்சதையைக் கொஞ்சம் எலுமிச்சையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்தாலும் அழகாகப் பொருந்தும்.

ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கிண்ணங்களை இறுக்கமாக மூடி வையுங்கள். கிரீம் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும், திறந்து வைத்த பன்னா கோட்டாவில் மறுநாள் நறுக்கிய வெங்காயம்தான் மணக்கும்.