டெல்லியின் குளிர்காலக் காற்று: படித்தவர்களும் செய்யும் தவறுகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் டெல்லியில் எல்லாரும் பஞ்சாப், அரியானா வயல்களைக் கைகாட்டத் தொடங்கிவிடுவார்கள். நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகை வருவது உண்மைதான். ஆனால் நவம்பர் கடைசியோடு அது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். டிசம்பரிலும் ஜனவரியிலும் நகரம் திணறுவது வாகனம், ஆலை, குப்பை எரிப்பு என்று பெரும்பாலும் உள்ளூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கிளம்பும் புகையால். தரையோரக் காற்று குளிர்ந்து கிடக்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்வதால் புகை மேலே போக வழியில்லை. காற்று வீச்சும் குறைவு. எனவே, தீபாவளி கழிந்ததும் ஆபத்து முடிந்தது என்று முகக்கவசத்தை அலமாரியில் வைப்பது முதல் தவறு. பிப்ரவரி வரை அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, செல்பேசியில் தெரியும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணைத் தப்பாகப் படிப்பது. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 நுண்துகள் (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை; ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் இந்திய அளவுகோலில் குறியீடு 100, அதாவது ‘திருப்திகரம்’. அதே காற்றுக்கு அமெரிக்க அளவுகோல் 150-க்கு மேல் காட்டி, உடல்நலத்துக்குக் கேடு என்கிறது. ஒரு நாள் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 15 மைக்ரோகிராம்தான். இரண்டு செயலிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் குழம்புவதைவிட, குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவையே பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவது. இப்போது வெளியே போகலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. வீட்டுக்கு அருகிலுள்ள காற்று அளவீட்டு நிலையத்தின் மணிவாரி அளவுதான் உதவும். டெல்லிக்குள்ளேயே ஆனந்த் விஹாரின் காற்றும் லோதி சாலையின் காற்றும் ஒன்றல்ல.

அதிகாலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். டெல்லிக் குளிர்காலத்தில் இது தலைகீழ். இரவு முழுவதும் தேங்கிய புகையும், இரவில் நகருக்குள் வரும் லாரிகளின் புகையும் விடியலில் தரைமட்டத்திலேயே நிற்கும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் அது மேலெழுந்து கலையும். பெரும்பாலான நாட்களில் நண்பகல் முதல் நான்கு மணி வரை காற்று சற்றுத் தேவலை. லோதி தோட்டத்தில் ஆறு மணிக்கு மூச்சிரைக்க ஓடுபவர், சும்மா உட்கார்ந்திருப்பவரைப்போலப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார். மோசமான நாட்களில் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யலாம். நடைப்பயிற்சி நண்பர்களைப் பிரிந்திருக்க மனமில்லாதவர்கள் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்; ஓய்வுபெற்றவர்களுக்கு இதில் சிரமம் இருக்காது.

முகக்கவசத்தில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். துணிக் கவசம், கைக்குட்டை, துப்பட்டா எதுவும் நுண்துகளை நம்பத்தக்க அளவில் தடுக்காது. நீலநிற அறுவை சிகிச்சைக் கவசத்தில் கன்னத்து ஓரங்கள் திறந்தே கிடக்கும். என்95 வகை 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலேயே 95 சதவீதத்தைப் பிடிக்கிறது. ஆனால் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி வளைத்து, உள்ளங்கைகளால் கவசத்தை மூடிக்கொண்டு பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தாலோ, இமையில் காற்று பட்டாலோ அங்கே இடைவெளி இருக்கிறது. காதில் மாட்டும் கயிற்றைவிடத் தலையைச் சுற்றிவரும் பட்டை நன்றாக ஒட்டும். தாடி இருந்தால் ஒட்டவே ஒட்டாது. சோப்புப் போட்டுத் துவைத்தால் துகளை ஈர்க்கும் நிலைமின்னூட்டம் போய்விடும். பிறகு அது வெறும் துணி. பெரியவர்களின் கவசம் குழந்தையின் முகத்தில் பொருந்தாது. மோசமான நாட்களில் குழந்தை வெளியே விளையாடும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி.

வீட்டுக்குள் வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். சன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்று வந்துகொண்டேதான் இருக்கிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் விளம்பரத்தைவிடக் கணக்கை நம்புங்கள். 12 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் கொள்ளளவு சுமார் 40 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமானால் 200 கன மீட்டர் திறன் தேவை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. சத்தம் பொறுக்காமல் தூங்கும்போது குறைந்த வேகத்தில் வைத்தால் அதில் ஒரு பகுதிதான் வரும். எனவே தேவைக்கு மேல் திறனுள்ளதை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவது நல்லது. நுரையீரலை உறுத்தும் ஓசோன் வாயுவை வெளியிடும் வகை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செலவு செய்துவிட்டு அதே அறையில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்துபவர்கள் உண்டு. ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வெளிவருகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் புகைதான். சாமிக்கு விளக்கு மட்டும் ஏற்றினால் கோபித்துக்கொள்ளாது. தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். தூசு பறக்கப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

உயிரையே பறிக்கக்கூடியது அங்கீட்டி. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக் குளிர்காய்ந்து, தூக்கத்திலேயே இறந்தவர்களின் செய்தி வட இந்தியக் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சுத்திகரிப்பானும் அதை நீக்காது.

வெல்லம் தின்றால் நுரையீரல் சுத்தமாகும் என்பார்கள். அங்கே படிந்த துகளை வெல்லம் கழுவாது. அங்கே அது போவதே இல்லை. ஆவி பிடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். மணி பிளாண்ட் அழகுக்குத்தான், அறைக் காற்றைச் சுத்தமாக்க அல்ல.

ஆஸ்துமா உள்ளவர்கள் இளைப்பு இல்லை என்று தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டு, நவம்பரில் அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். அக்டோபருக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நுண்துகள் இதயத்தையும் தாக்கும் என்பதால், மார்பு இறுக்கத்தைச் சளி என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, குடியிருப்பு வாசலில் இரவுக் காவலாளி மூட்டும் தீ. கையில் கிடைத்த பிளாஸ்டிக்கும் பலகையும் அதில் எரியும். புகை முதல் மாடிப் படுக்கையறைக்குள் போகும். காவலாளியைத் திட்டுவதில் பயனில்லை, அவருக்குக் குளிர்கிறது. காவலர்களுக்கு மின் ஹீட்டர் கொடுக்கும்படி தலைநகர் வட்டாரத்தின் மாசுத் தடுப்புச் செயல்திட்டமே குடியிருப்போர் சங்கங்களைக் கேட்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.