பழைய மோட்டார் படகில் பெட்ரோல் டேங்க் மாற்றுவது: கழற்றுவது பாதி, உட்காரவைப்பது மீதி

தளத்துக்கு அடியில் இடமும் வலமுமாக இரண்டு அலுமினிய டேங்குகள். பில்ஜில் (படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்) பெட்ரோல் வாடை வந்ததும், ஹோஸ்தான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி இரண்டு தடவை ஹோஸ் மாற்றினேன். வாடை போகவில்லை. கடைசியில் டேங்கை வெளியே எடுத்துக் கவிழ்த்தால், அடிப்பக்கம் பூச்சி அரித்த பலகை மாதிரி குழி குழியாக இருந்தது. மேல்பக்கம் மட்டும் புதுசு போலப் பளபளத்தது.

காலி செய்வது

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கைப்பம்பு போதும். தண்ணீர் இறைக்கும் மின்பம்பை இதற்குத் தொடவே கூடாது, ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; மேலே போகாமல் பில்ஜிலேயே தேங்கி நிற்கும். நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் மிச்சமிருக்கும் காலி டேங்க்தான் ஆபத்து. பழையதை வெட்டிப் பார்க்கும் ஆசையை அப்போதே விட்டுவிடுங்கள்.

தளத்தைத் திறப்பது

ஆவி அளக்கும் கருவி பூஜ்யம் காட்டிய பிறகே மின்ரம்பம். பலகையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்கு மட்டும் அதை அமைத்துக்கொள்ளுங்கள், தளத்தைத் தாங்கும் நீளக் கட்டையான ஸ்ட்ரிங்கரில் படக்கூடாது. டேங்கைச் சுற்றியிருக்கும் ஃபோமுக்கு நீளமான கைரம்பம்தான் என் தேர்வு. விலை உயர்ந்த மல்ட்டி டூல் (அதிர்ந்து அறுக்கும் சின்ன மின்கருவி) வாங்கி வைத்திருந்தேன். அதன் பிளேடு ஃபோமின் பாதி ஆழத்துக்குக்கூட எட்டவில்லை.

புதிய டேங்க்

5052 ரக அலுமினியம் கேளுங்கள். தகடு 2.3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, நான் 3 மி.மீ.யைத் தாண்டித்தான் எடுத்தேன். பழைய டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் இடத்தில் சிறிய வால்வு ஒன்று இருந்ததா? அது ஆன்ட்டி-சைஃபன் வால்வு. ஹோஸ் அறுந்தால் டேங்கே தானாக பில்ஜில் வடிந்துவிடாமல் காப்பது அதுதான். அடைத்துக்கொள்கிறது என்று தூக்கிப்போடாதீர்கள், புதிதாக வாங்கிப் போடுங்கள்.

உட்காரவைப்பது: நான் சறுக்கிய இடம்

அலுமினியத்தின் மேல் காற்று பட்டால் மெல்லிய ஆக்ஸைடு தோல் உண்டாகி அதைக் காக்கும். ஈரம் ஊறிய ஃபோமோ கம்பளமோ ஒட்டிக்கொண்டே இருந்தால் காற்று போகாது, தோல் மறுபடி வளராது, உலோகம் அங்கேயே அரிபடும். என் டேங்கைக் கொன்றது வயசு இல்லை, ஈரம்.

இதெல்லாம் தெரிந்தும் முதல் தடவை கோட்டைவிட்டேன். டேங்குக்கு அடியில் ஒட்ட ஈரம் உறிஞ்சாத நியோப்ரீன் ரப்பர் பட்டைகளைத்தான் வாங்கினேன், ஆனால் ஓரங்களில் மட்டும் பசை தடவி ஒட்டினேன். சில வாரம் கழித்து எட்டிப்பார்த்தால், பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி, அதற்குள் தண்ணீர். பழைய கதையே வேறு வேஷத்தில்! எல்லாவற்றையும் கழற்றி, பட்டை முழுக்க 3எம் 5200 என்ற படகுப் பசையைத் தடவி, அழுத்தும்போது இரு ஓரமும் பசை பிதுங்கும்படி ஒட்டினேன். நன்றாக இறுகும்வரை டேங்கை இறக்கவில்லை. பட்டைகளின் இடையே வரும் தண்ணீர் பில்ஜுக்கு ஓடிவிட வழி இருக்கட்டும், டேங்கைச் சுற்றிக் கால் அங்குலமாவது காற்றோட்டம் இருக்கட்டும். மறுபடி ஃபோம் நிரப்பவில்லை; கோணத்தகடு வைத்து இறுக்கினேன். பித்தளை ஃபிட்டிங் அலுமினியத்தை நேராகத் தொடக்கூடாது, நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் போடுங்கள்.

சோதனை

எல்லாத் துளைகளையும் அடைத்து 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தம்) காற்று, அதற்கு மேல் வேண்டாம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 1 சதுர அடித் தகட்டின் மேல் அது ஏறக்குறைய 195 கிலோ. அதனால் கம்ப்ரசர் வேண்டாம், சைக்கிள் பம்பே நல்லது. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். நிழலில் செய்யுங்கள். வெயில் ஏறி இறங்கினாலே கேஜ் முள் நகர்ந்து உங்களைக் குழப்பும்.

ஹோஸ்களைப் பழையபடி மாட்டிவிடுங்கள். நிரப்பும் ஹோஸுக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப். டெக்கில் இருக்கும் உலோக மூடிவாயிலிருந்து டேங்குக்கு எர்த் வயர் போடாமல் தளத்தை மூடாதீர்கள்.

பின்சேர்க்கை: மாற்றிய பிறகு பெட்ரோல் போடும்போது பங்க்கின் நிரப்பும் துப்பாக்கி 'டக் டக்' என்று நின்றுகொண்டே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். டேங்கின் காற்றை வெளியேற்றும் வென்ட் ஹோஸ் எங்கோ தொங்குகிறது. தொங்கும் வளைவில் பெட்ரோல் தேங்கிக் காற்று வெளியேற வழியில்லாமல் போகிறது. டேங்கிலிருந்து வெளிவாய் வரை ஏறுமுகமாகவே கட்டுங்கள்.

இன்னொன்று: பிளாஸ்டிக் டேங்க் போடலாமா? தாராளமாக, அரிப்பே இல்லை. ஆனால் பெட்ரோல் ஊறியதும் அது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுமார் 2 சதவீதம் பருக்கும். 1 மீட்டர் டேங்குக்கு 2 செ.மீ. இடம் விட்டு அளவெடுங்கள்.

மறுபடியும்: நிறைந்த டேங்கைக் கேஜ் காலி என்கிறதா? டேங்கிலிருந்து பெட்ரோல் அளவைக் கேஜுக்கு அனுப்பும் சென்டரும் (sender) கேஜும் வேறு வேறு ஓம் (மின்தடை) கணக்கில் இருக்கும். காலியில் 240, நிறைந்தால் 33 என்பது ஒரு வகை; காலியில் 10, நிறைந்தால் 180 என்பது இன்னொரு வகை. இரண்டையும் கலந்தால் முள் தலைகீழாகத்தான் ஓடும்.