சைகோனின் முதலாம் மாவட்டத்தை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

சைகோன் என்ற பழைய பெயர் கொண்ட ஹோ சி மின் நகரத்துக்கு முதன்முறை செல்வோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர்கள் தேடும் "முதலாம் மாவட்டம்" இப்போது ஏட்டில் இல்லை என்பதுதான். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாவட்ட நிர்வாக அடுக்கு நீக்கப்பட்டு, அப்பகுதி சைகோன், பென் தான் முதலிய வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆனாலும் உள்ளூர்ப் பேச்சில் பழைய பெயரே புழங்குவதால், முகவரியில் எது இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை.

படி 1: புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அரசின் இணையதளத்திலேயே இ-விசா பெறலாம்; அதிகபட்சம் 90 நாள்கள் தங்கலாம், ஒருமுறை நுழைவதற்குக் கட்டணம் 25 டாலர். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. எனினும் தெத் எனப்படும் சந்திரப் புத்தாண்டு நாள்களில் கடைகள் பல மூடிக்கிடக்கும்.

பணத்தாள்களில் கவனம் தேவை. 20,000 டோங் தாளும் 500,000 டோங் தாளும் நீல நிறத்தவை. இருண்ட டாக்சிக்குள் அவசரமாக எடுத்துக் கொடுத்தால், ஒன்றுக்கு இருபத்தைந்தாகக் கொடுத்துவிட நேரும். இரண்டையும் பணப்பையின் வெவ்வேறு அறைகளில் வைத்துவிடுங்கள்.

படி 2: காலையில் சுதந்திர மாளிகை

தென் வியட்நாம் அதிபரின் மாளிகையாக இருந்த இங்கிருந்து, வெயில் ஏறுவதற்குள் தொடங்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய மாளிகை 1962இல் விமானத் தாக்குதலில் சேதமடைந்ததால், கட்டடக்கலைஞர் நோ வியத் தூ வடிவமைத்த இன்றைய கட்டடம் அதே இடத்தில் 1966இல் எழுந்தது. வியட்நாம் போர் முடிவுக்கு வந்த 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கிகள் இடித்துக்கொண்டு நுழைந்தது இதன் வாயில் வழியாகத்தான். மேல்தளத்தில் நிற்கும் ஹெலிகாப்டரின் அருகே, அதே ஏப்ரலில் குண்டுகள் விழுந்த இடங்களைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நிலவறையில் பழைய வானொலிக் கருவிகளும் போர் வரைபடங்களும் உள்ளன. என் கணக்கில், மேலே உள்ள வரவேற்பு அறைகளைவிட இந்த நிலவறைக்கே அதிக நேரம் ஒதுக்கலாம்.

படி 3: பேராலயமும் தலைமை அஞ்சலகமும்

மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவைக் கடந்தால் நோத்ர் தாம் பேராலயம். 1880இல் நிறைவடைந்த இக்கட்டடத்தின் செங்கற்கள் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவை. 2017இல் தொடங்கிய சீரமைப்புப் பணி நெடுங்காலமாக நீள்வதால், சாரத்துக்கு நடுவே வெளியிலிருந்து பார்ப்பதோடு திருப்திப்பட நேரலாம். பக்கத்திலேயே 1891இல் கட்டி முடிக்கப்பட்ட அஞ்சலகம். இதைப் பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈஃபில் வடிவமைத்தார் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. உண்மையில் ஆல்ஃபிரட் ஃபூலுவின் வடிவமைப்பு. உள்ளே சுவரில் தீட்டிய இரண்டு பழைய வரைபடங்களைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு அஞ்சலட்டை வாங்கி வீட்டுக்கு அனுப்புங்கள்.

படி 4: சாலையைக் கடப்பது

இருசக்கர வண்டிகள் நிற்கும் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். சீரான வேகத்தில் மெதுவாக நடந்தால் அவையே விலகிச் செல்லும்; நடுவில் நிற்பதும் பின்வாங்குவதும்தான் ஆபத்து. கார்களும் பேருந்துகளும் அப்படி விலகமாட்டா, அவை போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

படி 5: தோங் கோய் தெரு வழியாக

பேராலயத்திலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் இத்தெருவில் ஓப்பரா அரங்கம் வரும். சற்றுத் தள்ளி தோங் யூ தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் உள்ளது. அடுத்து, ஒரு காலத்தில் கால்வாயாக இருந்து தூர்க்கப்பட்ட நுயென் ஹுவே நடைபாதை. அதையொட்டிய தோன் தாத் தியெப் தெருவில், லேவாதேவி செய்யச் சென்ற நகரத்தாரின் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் காரைக்குடிப் பக்கம் வந்துவிட்டதாகவே தோன்றும்.

சைவ உணவுக்காரர்கள் "ஆன் சாய்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். "கோம் சாய்" (சைவச் சாப்பாடு) என்ற பலகை உள்ள கடை அதைவிடப் பத்திரமானது.

படி 6: மாரியம்மன் கோயிலும் பென் தான் சந்தையும்

1914இல் திறந்த பென் தான் சந்தையில் பேரம் பேசாமல் எதையும் வாங்கக் கூடாது. அதற்குச் சில நிமிட நடையில், ச்ருவாங் தின் தெருவில் 45ஆம் எண்ணில் மாரியம்மன் கோயில். இன்று வருவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும்தான். ஊதுபத்தி ஏற்றிய பின், கருவறைக்குப் பின்னுள்ள கற்சுவரில் நெற்றியைப் பதித்து, அம்மனின் காதில் ஓதுவதுபோல வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள். சந்தைப் பகுதி இரவிலும் விழித்திருக்கும், கோயிலோ மாலையில் நடை சாத்திவிடும்; ஆகவே கோயிலை முதலில் முடித்துக்கொண்டு சந்தைக்குத் திரும்புங்கள். களைத்துப்போனால், 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் பென் தான் நிலையம் எதிரிலேயே உள்ளது.